என் மாமனார் அமெரிக்காவைச் சோதனை போட்ட கதை

அமெரிக்க மண்ணில் இறங்கி இரண்டு மணி நேரத்துக்குள் என் மாமனார் ஒரு பாதுகாப்பு அதிகாரியின் இடுப்பைத் தடவிவிட்டார். அதைச் சொல்வதற்கு முன் மாமனாரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நீங்கள் தப்பாக நினைப்பீர்கள். அந்த அதிகாரி தப்பாகத்தான் நினைத்தார்.

மாமனார் பெயர் அசோகன். கோலார் தங்கவயலில், சாம்பியன் ரீப்ஸ் சுரங்கத்தில், கேட் வாட்ச்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். ஷிஃப்ட் முடிந்து கேஜில், அதாவது சுரங்க லிஃப்டில், மேலே வருகிற ஆட்கள் தங்கம் கலந்த கல்லையோ பொடியையோ ஒளித்துக்கொண்டு போகிறார்களா என்று பார்ப்பதுதான் வேலை. வாயைத் திறக்கச் சொல்லி நாக்கைத் தூக்கிப் பார்ப்பார். தலைமுடியை உதறச் சொல்வார். பூட்ஸைக் கழற்றித் தட்டச் சொல்வார். வீட்டில் பௌர்ணமி தோறும் புத்த விகாரைக்குப் போய்ப் பஞ்சசீலம் சொல்கிற குடும்பம். கொடுக்கப்படாததை எடுக்க மாட்டேன் என்பது அதில் இரண்டாவது. மற்றவர்கள் அதைத் தங்களுக்குச் சொல்லிக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். இவர் சம்பளம் வாங்கிக்கொண்டு அடுத்தவர் பையிலும் தேடினார்.

என் அப்பா அதே சுரங்கத்தில் டிம்பர்மேன். பாறை சரியாமல் மரத்தால் முட்டுக் கொடுக்கிறவர். ஆக, இருபது வருஷத்துக்கு மேலாக என் மாமனார் என் அப்பாவை வேலை நாள் தவறாமல் தடவிப் பார்த்திருக்கிறார். சம்பந்திகளுக்குள் இவ்வளவு நெருக்கம் வேறு எங்கும் இருந்திருக்காது.

பயணத்துக்குக் காரணம் அவருடைய சின்ன மகள் யசோதரா. நியூ ஜெர்சியில் ஒரு சிறு நகரத்தில் இருக்கிறாள். பதினாலு வருஷம் ஆயிற்று. அடுத்த மாதம் குடியுரிமைக்கான நேர்காணல். அதற்கு முன் ஒரு தடவை அப்பா வந்து பார்த்துவிட்டுப் போகட்டும் என்றாள். என் மனைவி மல்லிகா, மூத்த மகள், தான் பாடம் நடத்துகிற பள்ளிக்கூடத்தில் பரீட்சை நேரம் என்று கைவிரித்துவிட்டாள். நான் பத்திரிகைகளுக்கு நகைச்சுவைக் கட்டுரை எழுதுகிறவன். எங்கள் ஊரில் இதை 'அவரு சும்மாத்தான் இருக்காரு' என்று சொல்வார்கள். எனவே நான் போனேன்.

காலை ரயிலில் சாம்பியன் ரீப்ஸில் ஏறினோம். பெங்களூருக்கு வேலைக்குப் போகிறவர்கள் கைக்குட்டை போட்டுப் பிடித்துவைக்கிற ரயில். அதில் எங்கள் இரண்டு பெட்டிகள் நாலு பேர் உட்காரும் இடத்தை எடுத்துக்கொண்டன.

“இன்னா சார், ஊரையே காலி பண்றீங்களா?” என்றார் எதிரே இருந்தவர்.

“அமெரிக்கா போறோம்.”

“எப்போ திரும்பறீங்க?”

“மூணு வாரம்.”

“சரி. இன்னிக்கி எங்க சீட்ட எடுத்துக்கினீங்க. வந்ததும் ஒரு நாளு நீங்க நின்னுக்கினு வாங்க.”

மாமனார் பெட்டியில் பூதிகோட்டைக் கேழ்வரகு மாவு ஐந்து கிலோ இருந்தது. அமெரிக்காவில் கேழ்வரகு கிடைக்கும் என்று யசோ போனில் நாலு முறை சொல்லியிருந்தாள். “கெடைக்கும். நம்மளது கெடைக்குமா?” என்று கேட்டுவிட்டு அவர் மாவைக் கட்டினார்.

அந்த மாவுக்குத்தான் நான் பயந்தேன். அமெரிக்காவில் இறங்கியதும் உள்நாட்டு விமானத்துக்கு மாற மறுபடி ஒரு பாதுகாப்புச் சோதனை. பழுப்பு நிறப் பொடியை ஒரு பெண் அதிகாரி கண்ணாடிப் பெட்டி மாதிரி ஏதோ ஒன்றுக்குள் ஒரு துணுக்குத் துணியில் தொட்டு வைத்தார். என்ன இது என்று கேட்டார். நான் கேழ்வரகு, களி, எங்கள் ஊரின் ஜீவாதாரம் என்று தொடங்கி, கடைசியில் கஞ்சி என்று முடித்தேன். மாவு தேறிவிட்டது. மாட்டிக்கொண்டது மாமனார்.

கைகளைத் தூக்கிக்கொண்டு நிற்கிற கண்ணாடிக் கூண்டுக்குள் அவர் போனார். கேஜுக்குள் போகிற மாதிரி தலையைக் குனிந்துகொண்டுதான் போனார். கையைத் தூக்கினார். யாரும் கேட்காமலே வாயைத் திறந்து நாக்கையும் தூக்கிக் காட்டினார். வெளியே வந்ததும் தலையை உதறினார். இரண்டு ஷூவையும் ஒன்றோடொன்று தட்டிக் காட்டினார். அந்த வரிசையிலேயே இவ்வளவு ஒத்துழைப்புக் கொடுத்தவர் யாரும் இல்லை. அதுதான் அவர்களுக்குச் சந்தேகம். போதாததற்கு, இயந்திரத்தின் திரையில் அவர் இடுப்பைச் சுற்றி ஒரு மஞ்சள் கட்டம். வெள்ளி அரைஞாண்.

வாட்டசாட்டமான இளைஞர் ஒருவர் வந்து, என்ன செய்யப்போகிறார் என்பதை மரியாதையாக விளக்கினார்.

“இன்னா சொல்றாரு மாப்ள?”

“புறங்கையால தடவிப் பார்ப்பாராம், மாமா.”

“புறங்கையில இன்னா தெரியும்? உள்ளங்கையில பாக்கச் சொல்லு. கத்துக்குடுக்கலியா இவருக்கு?”

நான் மொழிபெயர்த்தபோது அதில் பாதியை விழுங்கிவிட்டேன். சோதனை நல்லபடியாக முடிந்தது. போகலாம் என்று அந்த இளைஞர் கையைக் காட்டினார். மாமனார் போகவில்லை. ஒரு அடி முன்னால் வைத்தார். இரண்டு உள்ளங்கையாலும் அக்குளிலிருந்து இடுப்புவரை அந்த அதிகாரியைத் தடவிக்கொண்டு வந்தார். இடதுபக்கப் பையைத் தொட்டு “சாவி” என்றார். அதற்குள் நாலு பேர் எங்களைச் சுற்றி நின்றார்கள்.

ஜன்னல் இல்லாத ஓர் அறையில் ஒரு மணி நேரம் இருந்தோம். உயர் அதிகாரி ஒரு பெண்மணி. நரைத்த குட்டை முடி. அவர் கேட்டது ஒரே கேள்வி: ஏன்?

நான் சொன்னேன். எங்கள் சுரங்கத்தில் ஒரு வழக்கம் இருந்தது. எழுத்தில் கிடையாது. ஒரு காலத்தில் வாட்ச்மேன் ஒருவரே தன் டிபன் கேரியரில் கல்லை வைத்து வெளியே கொண்டுபோய் மாட்டிக்கொண்டார். மறுநாள் மொத்த ஷிஃப்டும் கேட்டிலேயே உட்கார்ந்துவிட்டது. எங்கள் வாயைப் பிளந்து பார்க்கிறவனை யார் பார்ப்பது என்று கேட்டார்கள். அதிலிருந்து, வரிசையில் கடைசி ஆளைச் சோதித்து முடித்ததும் வாட்ச்மேன் தன் கையைத் தூக்கிக்கொண்டு நிற்பார். அந்தக் கடைசி ஆள் வாட்ச்மேனைத் திருப்பிச் சோதிப்பார். அது முடிந்த பிறகுதான் கேட் திறக்கும். இன்று இந்த வரிசையில் என் மாமனார்தான் கடைசி ஆள். அவர் தன் கடமையைச் செய்தார்.

அந்தப் பெண்மணி பேனாவைக் கீழே வைத்தார்.

நான் இன்னொன்றையும் சொன்னேன், அது தேவையே இல்லை. ஒரு நாள் என் அப்பா கடைசி ஆளாக வந்து இவரைத் திருப்பிச் சோதித்தபோது, சட்டைப் பையில் ஒரு பெண்ணின் புகைப்படம் கிடைத்தது. “இன்னா இது?” என்று அப்பா கேட்க, “பெரிய பொண்ணு. மாப்ள பாக்கறேன்” என்று இவர் சொல்ல, என் கல்யாணம் அந்தக் கேட்டில் நிச்சயமானது. நான் ஒரு சோதனையில் கண்டெடுக்கப்பட்ட பொருளின் கணவன்.

“எங்கள் அதிகாரியைச் சோதித்ததில் என்ன கிடைத்தது என்று உங்கள் மாமனாரைக் கேளுங்கள்” என்றார் அந்தப் பெண்மணி.

“சாவிக் கொத்து, போனு, சூயிங்கம்மு. தப்பா ஒண்ணும் இல்ல. நல்ல புள்ள” என்றார் மாமனார்.

அந்தப் பெண்மணி சிரித்துவிட்டார். பிறகு முகத்தைச் சரிசெய்துகொண்டு, இனி இந்த நாட்டில் எந்த அதிகாரியையும் தொடக்கூடாது, இங்கே அது பெரிய குற்றம், இன்று விட்டுவிடுகிறோம் என்றார். எல்லாவற்றையும் ஒரு படிவத்தில் எழுதிக்கொண்டார். நான் மொழிபெயர்த்தேன்.

“சரி, தொடல. அப்போ இவங்கள யாரு பாக்கறது?” என்றார் மாமனார்.

அந்தக் கேள்வியை நான் மொழிபெயர்க்கவில்லை. எனக்கு ஊர் திரும்ப வேண்டியிருந்தது.

இரண்டாம் நாள். யசோவின் தெரு அழகாக இருந்தது. மனிதர்களைத் தவிர எல்லாம் இருந்தது. மாமனார் வீட்டுச் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, “மரம்! மாப்ள, உங்கப்பா இருந்தா இந்த ஊருக்கே முட்டுக் குடுத்திருப்பாரு” என்றார். சகலை பிரபு, யசோவின் கணவன், எங்கள் தங்கவயலிலேயே மைசூர் மைன்ஸ்காரன். கணினி வேலை. காலையில் கிண்ணத்தில் காய்ந்த சருகு மாதிரி எதையோ போட்டுப் பாலை ஊற்றிக் கொடுத்தான். மாமனார் அதை மரியாதைக்காகச் சாப்பிட்டார். மத்தியானம் அவரே அடுப்பில் நின்று களி கிளறினார். கூரையில் இருந்த புகை மணி அலறியது. யசோவின் ஒன்பது வயது மகள் நாற்காலி மேல் ஏறித் துண்டால் விசிறினாள். அந்த வீட்டில் அது அவளுடைய பொறுப்பு.

சாப்பிடும்போதுதான் விஷயம் வெளியே வந்தது. வியாழக்கிழமை நகர மன்றக் கூட்டம். ஊரின் எல்லாச் சந்திப்புகளிலும் கார் எண்ணைப் படிக்கிற கேமரா வைக்கத் தீர்மானம். பதிவுகள் காலவரையில்லாமல் சேமிக்கப்படும். எந்தத் துறை கேட்டாலும் கொடுக்கப்படும். பொதுமக்கள் ஆளுக்கு மூன்று நிமிடம் பேசலாம், அப்புறம் ஓட்டெடுப்பு. யசோ பேரைக் கொடுத்திருந்தாள்.

“போன குளிர்காலத்துல பக்கத்து ஊர்ல இந்த மாதிரி கேமரா ஒண்ணு என் கார் நம்பரைத் தப்பாப் படிச்சிருச்சு, மாமா” என்றாள் என்னிடம். “திருட்டு கார்னு நெனச்சு நிறுத்தினாங்க. கையைத் தூக்கினு எறங்கச் சொன்னாங்க. பானெட் மேல கை வெக்கச் சொன்னாங்க. பாப்பா பின்னாடி சீட்ல. அஞ்சு நிமிஷத்துல தப்புன்னு தெரிஞ்சுபோச்சு. ஸாரி கேட்டாங்க. மரியாதையாத்தான் பேசினாங்க. ஆனா இவ இன்னும் போலீஸ் காரைப் பாத்தா கையைத் தூக்கறா.”

பாப்பா களியைக் குழம்பில் புரட்டிக்கொண்டே, “இப்போ ஒரு கைதான்” என்றாள்.

பிரபு தட்டைத் தள்ளிவைத்தான். “நீ சொல்றது எல்லாம் சரி. அடுத்த மாசம் இன்டர்வியூ. கூட்டத்துல பேரு, அட்ரஸ் சொல்லணும். வீடியோ எடுத்து நெட்ல போடறாங்க. நாளைக்கு ஒருத்தன் அதைப் பாத்துட்டு, இந்தம்மா போலீஸுக்கு எதிரா பேசற அம்மான்னு ஃபைல்ல எழுதினா? ஒரு மாசம். ஒரே மாசம் வாயை மூடினு இரு. சிட்டிசன் ஆனப்புறம் தெனம் போய்ப் பேசு.”

“அதுக்குள்ள ஓட்டுப் போட்டுருவாங்க.”

“போடட்டும்.”

“கேமராவே வேணாம்னு நான் சொல்லல. யாரு அதப் பாக்கறாங்கன்னு எனக்குத் தெரியணும். அவ்ளோதான்.”

“நைனா, நீ சொல்லு” என்றாள் யசோ, அப்பாவின் பக்கம் திரும்பி.

மாமனார் கையைக் கழுவிக்கொண்டு வந்தார். “கேமரா இன்னா, வாட்ச்மேன் மாதிரிதானே? அது வேலைய அது பாக்குது. நீ உன் வேலையப் பாரு. சின்ன மாப்ள சொல்றதுதான் கரெக்ட்டு.”

யசோ தட்டுகளை எடுத்தாள். இரண்டு பக்கம் எழுதிவைத்திருந்த பேச்சு குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒரு காந்தத்தில் மாட்டியிருந்தது. அதை அவள் எடுக்கவில்லை.

மூன்றாம் நாள் களிக்கு முருங்கைக்கீரை வேண்டும் என்றார் மாமனார். இந்தியக் கடைக்குப் பேருந்தில் போகலாம் என்று நான் பெருமையாகக் கிளம்பினேன். எதிர்த்திசைப் பேருந்தில் ஏறியிருக்கிறோம் என்பது கடைசி நிறுத்தத்தில்தான் தெரிந்தது. வண்டியில் எங்களைத் தவிர ஓட்டுநர் மட்டும். என் வயதுள்ள ஒரு கறுப்பினப் பெண்மணி. பத்து நிமிடம் கழித்து வண்டி திரும்பும், உட்காருங்கள் என்றார். மாமனார் உட்காரவில்லை. ஒவ்வொரு இருக்கையாகக் குனிந்து பார்த்து, யாரோ விட்டுப்போன ஒற்றைக் கையுறையைக் கொண்டுவந்து அவரிடம் கொடுத்தார்.

“இவர் என்ன வேலை பார்த்தவர்?” என்று அவர் கேட்டார். சொன்னேன். பேச்சு கேமராவுக்குப் போனது.

அவர் சொன்னதைத் தமிழில் தருகிறேன். “என் தெருவில் அந்தக் கேமரா ஆறு வருஷமாக இருக்கிறது. அப்போது யாரும் கூட்டம் போடவில்லை. உங்கள் பெண்ணின் தெருவுக்கு வருகிறபோதுதான் கூட்டம். அது போகட்டும். என் தங்கை மகனை ஒரு கார் இடித்துவிட்டு நிற்காமல் போனது. அந்தக் கேமராதான் ஆளைப் பிடித்துக் கொடுத்தது. அதனால் எனக்குக் கேமரா வேண்டும். ஆனால் அதற்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறவன் யார் என்றும் எனக்குத் தெரிய வேண்டும். இரண்டையும் கேட்டால் நான் பேராசைக்காரி என்கிறார்கள்.”

“இன்னா சொல்றாங்க?” என்றார் மாமனார். முழுசாகச் சொன்னேன். கீரைக் கடை வந்ததும், “அந்தம்மாவுக்கு நம்ம மைன்ஸ் கேட்டு செட் ஆகும்” என்றார்.

நான்காம் நாள் பிரபுவுக்கு விடுமுறை. என்னைக் காரில் கடற்கரைக்கு அழைத்துப் போனான். கடலைப் பார்க்காமல் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். தான் இணையத்தில் எழுதிய பழைய கருத்துகளை ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டிருந்தான்.

“இன்னாத்த அழிக்கற?”

“எல்லாத்தையும்ணா. எட்டு வருஷத்துக்கு முன்னாடி ஒரு அம்பயரைத் திட்டினது கூட.”

“அம்பயரைத் திட்டினா இவங்களுக்கு இன்னா?”

“தெரியலண்ணா. அதான் பிரச்சனையே. எது தப்புன்னு தெரியாதப்போ எல்லாத்தையும் அழிக்கணும்.”

அவனைக் கோழை என்று நான் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. நான் எப்போதாவது இந்த மாதிரிப் பயந்தேனா என்று யோசித்தேன். ஊரில் ரேஷன் அரிசிக்கு விரலை வைக்கச் சொன்னால் வைக்கிறேன். சிம் கார்டுக்கு வைக்கிறேன். லாட்ஜில் அறை கேட்டால் அடையாள அட்டையைக் கொடுத்து, நகல் எடுத்து முடிக்கும்வரை வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். அந்த நகல் எங்கே போகிறது என்று ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்டால் அறை கிடைக்காது என்று பயம் கூட இல்லை, கேட்கத் தோன்றவில்லை. இங்கே ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பாளராக இருக்கிற என் கொழுந்தியாள் நகர மன்றத்தில் போய்க் கேட்கப் பேர் கொடுத்திருக்கிறாள். கேட்கலாம் என்று அவளுக்கு இந்த நாடுதான் சொல்லிக்கொடுத்திருக்கிறது. பயப்படு என்று அவள் கணவனுக்கும் அதே நாடுதான் சொல்லிக்கொடுத்திருக்கிறது. இரண்டு பாடமும் ஒரே வீட்டில், ஒரே சாப்பாட்டு மேசையில்.

முன்ஜாக்கிரதையாக இருக்கட்டும் என்று நானும் என் பழைய கருத்துகளை அழிக்கப் பார்த்தேன். அவற்றை யாரும் படித்த தடயமே இல்லை. விட்டுவிட்டேன்.

வியாழக்கிழமை. பாப்பாவைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு எல்லோரும் போனோம். பிரபுவும் வந்தான். ஆனால் கடைசி வரிசையில், வெளியே போகிற கதவின் பக்கத்தில் உட்கார்ந்தான். நகர மன்றம் என்பது நம்மூர்க் கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டு அறை அளவு. முன்னால் ஐந்து உறுப்பினர்கள். நடுவில் மேயர், கண்ணாடி போட்ட ஒரு பெண்மணி. ஓரத்தில் காவல்துறைத் தலைவர். மூலையில் முக்காலி மேல் ஒரு கேமரா, பேசுகிறவரின் முகத்தைப் பார்த்தபடி.

காவல்துறைத் தலைவர் நன்றாகப் பேசினார். காணாமல் போன ஒரு கிழவரை இந்தக் கேமராவால் கண்டுபிடித்த கதையைச் சொன்னார். மாமனார் தலையாட்டினார். கார் திருடு போன ஒருவர் பேசினார். அவருக்கும் தலையாட்டினார். கேமராவே வேண்டாம் என்று ஒரு கல்லூரிப் பேராசிரியர் பேசினார். அவர் பேசியது எனக்குப் புரிந்த அளவுக்கு அங்கிருந்த அமெரிக்கர்களுக்கும் புரிந்தது.

யசோவின் பேரைக் கூப்பிட்டார்கள். எழுந்தாள். கையில் அந்த இரண்டு பக்கம். ஒலிபெருக்கி முன்னால் நின்று பேரைச் சொன்னாள். அட்ரஸ் சொல்ல வேண்டிய இடத்தில் நின்றுவிட்டாள். கேமராவைப் பார்த்தாள். திரும்பி, கடைசி வரிசையைப் பார்த்தாள்.

பிரபு எழுந்தான். வெளியே போகிறான் என்றுதான் நினைத்தேன். அவன் நடுப்பாதையில் நடந்து முன்னால் வந்து, யசோவுக்கு நேர் பின்னால் இருந்த காலி நாற்காலியில், கேமராவில் தன் முகமும் விழுகிற மாதிரி உட்கார்ந்தான். எட்டு வருஷத்துக் கருத்துகளை அழித்தவன்.

யசோ அட்ரஸைச் சொன்னாள். காகிதத்தை மடித்துக் கைப்பையில் வைத்தாள்.

“போன வாரம் என் அப்பா உங்கள் விமான நிலையம் ஒன்றில் ஓர் அதிகாரியைச் சோதனை போட்டுவிட்டார்” என்று ஆரம்பித்தாள்.

மண்டபம் நிமிர்ந்தது. அவள் முழுக்கச் சொன்னாள். புறங்கை, உள்ளங்கை, சாவி, சூயிங்கம். சிரித்தார்கள். காவல்துறைத் தலைவர் குனிந்து சிரித்தார். பிறகு கேட்டையும், கடைசி ஆளையும், அந்த வழக்கத்தையும் சொன்னாள். சிரிப்பு நின்றது.

“என் அப்பா வாட்ச்மேன். சோதனையே கூடாது என்று அவர் மகளால் சொல்ல முடியாது. அந்தச் சுரங்கத்தில் அவரை எல்லோரும் நம்பினார்கள் என்றால், அவர் நல்லவர் என்பதால் இல்லை. தினமும் அவரும் கையைத் தூக்கினார் என்பதால். உங்கள் கேமரா என்னை ஒரு தடவை தப்பாகப் பார்த்தது. என் மகள் கையைத் தூக்கினாள். இந்தத் தீர்மானத்தில் யார் பார்க்கிறார்களோ அவர்கள் கையைத் தூக்குகிற வரி எங்கே இருக்கிறது? அந்த ஒரு வரியைச் சேருங்கள். யார், எப்போது, யாரைத் தேடினார் என்பதை எங்களில் கடைசி ஆள் வந்து பார்க்கட்டும். பார்த்து முடித்ததை ஒரு மாதத்தில் அழித்துவிடுங்கள். அவ்வளவுதான்.”

மூன்று நிமிடத்தில் இருபது நொடி மிச்சம் இருந்தது. மேயர் கேட்டார்: “உங்கள் அப்பா இங்கே இருக்கிறாரா?”

யசோ கையைக் காட்டினாள். மண்டபமே திரும்பியது. “உன்னைத்தான் பாக்கறாங்க, நைனா, எழுந்திரு” என்றாள் தமிழில். மாமனார் எழுந்தார். சீருடை போட்ட ஒருவர் முன்னால் அத்தனை பேர் தன்னைப் பார்க்கவே, பழக்கதோஷம், இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு நின்றார்.

யாரும் சிரிக்கவில்லை.

“நைனா” என்றாள் யசோ. “கையை எறக்கு. யாரும் கேக்கல.”

அவர் கையை இறக்கிவிட்டு என்னிடம், “முடிஞ்சுதா?” என்றார்.

முடிய இன்னும் ஒரு மணி நேரம் ஆயிற்று. காவல்துறைத் தலைவரிடம் மேயர் அபிப்பிராயம் கேட்டார். என் ஆட்கள் தேடுவதை யாராவது பார்ப்பதில் எனக்குத் தடையில்லை, என் பையிலும் சூயிங்கம்தான் இருக்கிறது என்றார் அவர். அந்த வரியைச் சேர்த்தார்கள். பதிவுகள் முப்பது நாள்தான். மாதம் ஒரு முறை குலுக்கலில் வருகிற இரண்டு குடிமக்கள் போய், யார் யாரைத் தேடினார்கள் என்ற பட்டியலைப் பார்க்கலாம். மூன்றுக்கு இரண்டு ஓட்டில் தீர்மானம் நிறைவேறியது.

காரில் திரும்பும்போது மாமனார் திருப்தியாக இருந்தார். “கேமரா வந்துடுச்சு இல்ல? நான் சொன்னதுதான் நடந்துச்சு” என்றார். யசோ மறுத்துப் பேசவில்லை. பிரபு மட்டும் வண்டியை ஓட்டிக்கொண்டே ஒவ்வொரு சிக்னலிலும் மேலே அண்ணாந்து பார்த்தான்.

மீதி நாட்கள் ஒரு அருவி, இரண்டு அருங்காட்சியகம், ஏழு களி. திரும்பி வரும்போது விமான நிலையத்தில் அரைஞாண் மறுபடியும் மாட்டியது. நான் மாமனாரின் பின்னால் போய் நின்றுகொண்டேன், கடைசி ஆள் நானாக இருக்கட்டும் என்று. அவர் சோதனை முடிந்து இரண்டு கையையும் பேன்ட் பையில் விட்டுக்கொண்டு நடந்தார். பத்தடி போனதும் திரும்பி என்னைப் பார்த்து, அந்த அதிகாரியின் பக்கம் கண்ணைக் காட்டினார். பாரு என்று அர்த்தம். நான் பார்க்காத மாதிரி பெல்ட்டைப் போட்டுக்கொண்டேன். எங்கள் பரம்பரையில் கடமை தவறிய முதல் ஆள் நான்.

ஊருக்கு வந்து மூன்று வாரம் கழித்து யசோவின் நேர்காணல். அங்கே அது முடிகிற நேரம் இங்கே மாலை. மல்லிகா போனை மேசை மேல் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்திருந்தாள். மாமனார் செய்தித்தாளைத் தலைகீழாகப் பிடித்திருந்தார். போன் அடித்தது. நான் எடுத்து ஸ்பீக்கரில் போட்டேன்.

“பாஸ்” என்றாள் யசோ. மல்லிகா அழுதாள். “ஆனா ஒண்ணு நடந்துச்சு, மாமா. கேள்வியெல்லாம் கேட்டு முடிச்சிட்டு அந்த ஆபீசர் ஃபைலை மூடினாரு. மூடிட்டு, நகர மன்றத்துல பேசினது நீங்கதானேன்னு கேட்டாரு.”

மல்லிகா அழுகையை நிறுத்திவிட்டுப் போனைப் பார்த்தாள்.

“ஆமான்னேன். அவரு சிரிச்சாரு. உங்க அப்பா சௌக்கியமான்னு கேட்டாரு. அவ்ளோதான்.”

நல்ல மனிதர் என்றாள் மல்லிகா. நல்ல மனிதர்தான், நானும் அப்படியே நினைக்கிறேன். ஆனால் அவர் அதை எப்போது பார்த்தார், ஏன் பார்த்தார், வேறு யார் பார்த்தார்கள் என்று எனக்குள் ஒரு பட்டியல் ஓடியது. பிரபு வீட்டில் என்ன செய்துகொண்டிருப்பான் என்றும் யோசித்தேன்.

மாமனார் செய்தித்தாளை மடித்து வைத்தார். போனை என் கையிலிருந்து வாங்கினார்.

“நான் சௌக்கியம்னு சொன்னியா?”

“சொன்னேன், நைனா.”

“சரி. அவரு பேரு இன்னா?”

“சட்டையில குத்தியிருந்துச்சு. வெளிய வந்ததும் மொத வேலையா எழுதி வெச்சுட்டேன்.”

“அப்போ கேட்டத் தொறக்கலாம்” என்று சொல்லிவிட்டு அவர் போனை என்னிடம் கொடுத்தார்.